காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததா?
(பன்னீராயிரம் ஆண்டுகட்கு முந்தைய திடீர்க் குளிரின் காரணம் பற்றிய ஆராய்ச்சிப் பாடம்)

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பது நம் பாட்டிமார் வழங்கிய பழமொழி. காக்கையின் எடை தாங்காமல் பழம் விழுந்ததா, முற்றிய பழம் தானே விழும் வேளையில் காக்கை வந்து அமர்ந்ததா என்பதை மரத்தடியில் நின்றவராலும் உறுதியாகக் கூற இயலாது. நிகழ்ச்சி நடந்து பன்னீராயிரம் ஆண்டுகள் சென்றபின், காக்கையும் இல்லை, மரமும் இல்லை, மண்ணுள் புதைந்த பனங்கொட்டை மட்டுமே எஞ்சியது என்னும் நிலையில் அவ்வினாவிற்கு விடை காண வேண்டுமாயின் என் செய்வது? அத்தகைய வினா ஒன்றையே இப்பாடத்தில் எடுத்துக்கொள்கிறோம். மாணவச் செல்வங்கள் இதனை ஒரு வழக்காகக் கருதிப் படிக்க. சான்றுகள் வரும், எதிர்ச்சான்றுகளும் வரும். தீர்ப்பினை அவசரப்பட்டு எழுதிவிட வேண்டா.

முதலில் நிகழ்ந்தது யாது எனக் காண்போம். இற்றைக்கு ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகம் தன் உச்சத்தில் இருந்தது. கனடா நாட்டின் பெரும்பகுதி மூன்று கிலோமீட்டர் வரை தடித்த பனிப்பாளத்தின் கீழ்க் கிடந்தது. கடல்நீரின் ஒரு பங்கு நிலத்தின்மேல் பனியாக உறைந்துவிட்டமையால் கடல்மட்டம் இன்றைக்கு உள்ளதைவிட 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பின்னர் உலகம் மெல்ல வெப்பமுற்றது, பனி உருகலாயிற்று. இனி வசந்தமே என்று புல்லும் மரமும் வடக்கு நோக்கிப் பரவிக்கொண்டிருந்த காலத்தில், இற்றைக்கு ஏறத்தாழ 12,900 ஆண்டுகளுக்கு முன், வடபுலம் திடீரென மீண்டும் கடுங்குளிருள் வீழ்ந்தது. ஏறத்தாழ 1,200 ஆண்டுகள் அக்குளிர் நீடித்தது. பின்னர் வந்ததைப் போலவே விரைந்து அகன்றது. கிரீன்லாந்தில் சில பத்தாண்டுகளுக்குள் வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் அளவு உயர்ந்தது. ஒருவர் தம் பேரனுக்குக் கதை சொல்லும் வயதிற்குள் நாட்டின் தட்பவெப்பமே மாறிவிட்டது என்று பொருள்.

இக்குளிர்க் காலத்திற்கு அறிஞர் இட்ட பெயர் இளைய டிரையாஸ். டிரையாஸ் என்பது எட்டிதழ் கொண்ட வெண்ணிற மலர். கடுங்குளிர் நிலத்தில் மட்டுமே வளரும் சிறுசெடி. 1901இல் டென்மார்க்கின் அல்லரோடு என்னும் ஊரில் செங்கற்சூளைக்குக் களிமண் தோண்டிய குழியை ஆர்ட்ஸ், மில்தர்ஸ் என்னும் இருவர் ஆராய்ந்தனர். இளவெப்ப காலத்து மண்ணடுக்கின் மேலும் கீழும் குளிர்நிலச் செடிகளின் எச்சங்கள் கிடந்தன. வெப்பம் வந்து, மீண்டும் குளிர் வந்தது என்பதற்கு உலகம் கண்ட முதற்சான்று அச்சூளைக்குழியே. சுரங்கமும் ஆய்வுக்கூடமும் அல்ல, செங்கல் அறுக்கும் குழி! அறிவு எங்குக் கிடக்கும் என்று யாரால் கூற முடியும்?

அக்காலத்தில் நாம் வாழும் இவ்வளைகுடா எவ்வாறு இருந்தது என்று பிள்ளைகள் வினவக்கூடும். இன்று இதன் சராசரி ஆழம் ஏறத்தாழ 35 மீட்டர். மிக ஆழமான இடத்திலும் 90 மீட்டர் அளவே. கடல் 120 மீட்டர் தாழ்ந்திருந்த நாளில் வளைகுடா என்பதே இல்லை. டைக்ரிசும் யூப்ரட்டிசும் கலந்த பேராறு ஒன்று இப்பள்ளத்தாக்கின் வழியே சென்று ஓர்முசு நீரிணைக்கு அப்பால் கடலுள் விழுந்தது. ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முன் நீரிணையின் வழியே கடல் ஒரு குறுகிய ஓடையாக உள்ளே நுழைந்தது. 12,500 ஆண்டுகளுக்கு முன் நடுப்பள்ளத்தை நிரப்பத் தொடங்கியது. அதற்கும் ஆயிரம் ஆண்டுகள் கழித்தே மேற்குப் பள்ளத்தை எட்டியது. ஆகவே இளைய டிரையாஸ் குளிர் நிலவிய காலத்தில் ராஸ் லஃபான் கடற்கரை என்று ஒன்று இல்லை. ராஸ் என்னும் அரபுச் சொல்லுக்குத் தலை அல்லது முனை என்று பொருள். அன்றோ இது கடலுள் நீண்ட முனையன்று, உள்நாட்டு மேட்டுநிலம்.

இவ்விடத்தில் பெற்றோர்க்கு ஒரு சொல். கடல் உயர்ந்த செய்தியைக் கேட்டவுடன் நம்மில் பலர்க்கு இறையனார் களவியல் உரை கூறும் கடல்கோள் நினைவிற்கு வரும். பனியுக உச்சத்தில் தமிழகமும் ஈழமும் தொடர்ந்த ஒரே நிலமாக இருந்தன என்பதும், பின்னர்க் கடல் புகுந்து பிரித்தது என்பதும் உண்மையே. எனினும் கடல் உயர்ந்தது என்பதற்கான சான்று, மூழ்கிய நிலத்தில் நகரும் சங்கமும் இருந்தன என்பதற்கான சான்று ஆகாது. முன்னதற்குக் கடலடி மண்ணே சாட்சி. பின்னதற்குத் தனிச் சாட்சி தேவை. நமக்கு உவப்பான கருத்தையும் பிறர் கருத்தை நிறுக்கும் அதே தராசில் இட்டு நிறுத்தலே முறை.

இனி, மனிதர் எழுதி வைக்காத காலத்துச் செய்திகளை எவ்வாறு படிக்கிறார்கள்? கிரீன்லாந்தில் ஆண்டுதோறும் விழும் பனி அடுக்கடுக்காகப் படிந்து இறுகுகிறது. 1993இல் அமெரிக்க அறிஞர்கள் அங்கே பாறைவரை துளையிட்டு, 3,000 மீட்டருக்கும் மேல் நீண்ட பனித்தண்டினை எடுத்தனர். ஐரோப்பியர் அதற்கு முந்தைய ஆண்டு 30 கிலோமீட்டர் தொலைவில் மற்றொன்றை எடுத்திருந்தனர். மரத்தின் வளையங்களை எண்ணுவதுபோல் இவற்றின் அடுக்குகளை எண்ணலாம். அமெரிக்கர் எடுத்த தண்டில் ஏறத்தாழ 1,700 மீட்டர் ஆழத்தில் இளைய டிரையாஸ் காலத்துப் பனி கிடைக்கிறது. அதனுள் சிறைப்பட்ட காற்றுக்குமிழிகளும், தூசும், ஆக்சிசனின் கன இலேசு வகைகளின் விகிதமும் அன்றைய வெப்பநிலையை உரைக்கின்றன. அந்நாளில் கிரீன்லாந்தின் நடுப்பகுதி இன்றைக்கு உள்ளதைவிட ஏறத்தாழ 15 பாகை குளிர்ந்திருந்தது.

இத்தகைய ஏடுகள் வடதுருவத்தில் மட்டுமே உள்ளன என எண்ணற்க. நம் நீலகிரியின் சாண்டிநல்லாப் பள்ளத்தாக்கில் சதுப்பில் அழுந்திய தழைமண் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்து கிடக்கிறது. ஈரநிலச் செடிகளும் வறள்நிலப் புற்களும் காற்றிலிருந்து கரிமத்தை ஏற்கும் முறை வேறு; ஆகவே தழைமண்ணில் உள்ள கன கரிமத்தின் பங்கை அளந்தால் எக்காலத்தில் மழை மிகுந்தது, எக்காலத்தில் குன்றியது என்று அறியலாம். இந்திய அறிஞர்கள் இவ்வாறு 20,000 ஆண்டு வரலாற்றைப் படித்து 1993இல் வெளியிட்டனர். ஏமன் நாட்டுச் சொகோத்திரா தீவின் மூமிக் குகையிலும், மேகாலயாவின் மாம்ளு குகையிலும் சொட்டும் நீரால் வளர்ந்த சுண்ணக்கற்கள் மற்றொரு வகை ஏடு. இளைய டிரையாஸ் காலத்தில் தென்மேற்குப் பருவமழை நலிந்திருந்ததை அக்கற்கள் காட்டுகின்றன. அட்லாண்டிக் கடலோரம் குளிர்ந்தால் நம் நாட்டில் மழை பொய்க்கும் என்பது வியப்பே. ஆயினும் அளந்து கண்ட செய்தி.

நிகழ்ச்சி உறுதியாயிற்று. காரணம் யாது? இங்கேதான் வழக்குத் தொடங்குகிறது.

முதற்காரணமாகக் கூறப்பட்டது ஒரு பேரேரி. உருகிய பனிநீர் கனடாவின் நடுவே தேங்கி அகாசி என்னும் ஏரியாயிற்று. இன்றைய வட அமெரிக்கப் பேரேரிகள் ஐந்தனையும் சேர்த்தாலும் அதற்கு ஈடாகா. பனிப்பாளம் பின்வாங்கியபோது அடைப்பு நீங்கி, ஏரிநீர் செயின்ட் லாரன்சு ஆற்றின் வழியே வட அட்லாண்டிக்கில் பாய்ந்தது. நன்னீர் உப்புநீரின்மேல் பரவிக் கடலின் நீரோட்டத்தை நிறுத்திற்று. வெப்பம் வடக்கே செல்வது தடைப்பட்டது என்பது கருத்து. இதனை 1989இல் விரிவாக எடுத்துரைத்தவர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வாலசு புரோக்கர் (1931-2019).

நன்னீர் எவ்வாறு கடலோட்டத்தை நிறுத்தும் என்பதை விளங்கிக்கொள்ள நாம் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் வீட்டு வாயிலில் உள்ள வளைகுடாவே அதற்குப் பாடநூல். இங்கே வெயிலால் நீர் ஆவியாகி உப்பு மிகுகிறது. பெருங்கடலில் ஒரு கிலோகிராம் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு. இங்கே 40 கிராம் அளவு. கத்தாரின் மேற்கே சல்வாக் குடாவில் 50 கிராமிற்கும் மேல். உப்பு மிகுந்த நீர் கனமானது. ஆகவே அது கீழே அமிழ்ந்து, ஓர்முசு நீரிணையின் அடியொட்டி வெளியே சென்று, ஓமான் குடாவில் 200 முதல் 300 மீட்டர் ஆழத்தில் பரவுகிறது. அது விட்ட இடத்தை நிரப்ப, உப்புக் குறைந்த நீர் மேற்பரப்பு வழியே உள்ளே வருகிறது. மேலே வரவு, கீழே செலவு. வட அட்லாண்டிக்கிலும் இதே கணக்குத்தான். அங்கே கனத்தைத் தருவது உப்போடு கடுங்குளிரும். தெற்கிலிருந்து வரும் வெந்நீர் ஐரோப்பாவிற்கு வெப்பத்தைக் கொடுத்துத் தான் குளிர்ந்து, அமிழ்ந்து, அடியில் தெற்கே திரும்புகிறது. மேலே நன்னீர் மூடினால் நீர் அமிழாது. அமிழாவிடின் மேலோட்டமும் வாராது.

பிள்ளைகள் இதனை வீட்டிலேயே செய்து காணலாம். கண்ணாடிக் குவளையில் பாதியளவு நீரெடுத்து நான்கு கரண்டி உப்பைக் கரைக்க. மற்றொரு குவளையில் வெறுநீரில் சமையலுக்குரிய வண்ணம் ஒரு துளி கலக்க. ஒரு கரண்டியின் புறமுதுகின் வழியே வண்ணநீரை மெல்ல உப்புநீரின்மேல் ஊற்றுக. இரண்டும் கலவாமல் மேலும் கீழுமாக நிற்பதைக் காணலாம். பின்னர் வரிசையை மாற்றி, வெறுநீரின்மேல் வண்ண உப்புநீரை ஊற்றினால் என்ன நிகழும் என்று முதலில் எழுதி வைத்துவிட்டு, அதன்பின் ஊற்றிப் பார்க்க. எழுதி வைப்பது முக்கியம். கண்டபின் 'நான் முன்பே நினைத்தேன்' என்று கூறும் வழக்கத்தை அது தடுக்கும். (அம்மாவிடம் கேட்டுவிட்டு உப்பை எடுக்க.)

ஏரிக் கருத்திற்குத் துணைநிற்கும் சான்று வலியது. யுரேனியத்திலிருந்து பிறக்கும் தோரியம், புரோட்டக்டினியம் என்னும் இரு தனிமங்கள் கடலில் உள்ளன. தோரியம் பிறந்த இடத்திலேயே விரைந்து அடியில் படியும். புரோட்டக்டினியம் சற்று மிதந்து நீரோட்டத்தோடு செல்லும். ஓட்டம் வேகமாயின் அது தெற்கே அடித்துச் செல்லப்படும். ஓட்டம் தளர்ந்தால் அங்கேயே படியும். பெர்முடா அருகே எடுத்த கடலடி மண்ணில் இவ்விரண்டின் விகிதத்தை அளந்து, இளைய டிரையாஸ் காலத்தில் ஓட்டம் தளர்ந்திருந்தது என 2004இல் காட்டினர். மேலும் ஒரு சான்று: வடக்கே குளிர்ந்த அக்காலத்தில் அண்டார்க்டிக்காவில் வெப்பம் ஏறியது. வடக்கே செல்ல வேண்டிய வெப்பம் தெற்கிலேயே தங்கிற்று எனக் கொண்டால் இது இயல்பாகப் பொருந்தும். இற்றைக்கு 8,200 ஆண்டுகளுக்கு முன் அகாசியின் எஞ்சிய நீர் அட்சன் குடா வழியே வடிந்தபோதும் ஒரு சிறு குளிர் வந்து ஏறத்தாழ 160 ஆண்டுகள் நீடித்தது. ஒத்த காரணம், ஒத்த விளைவு.

ஆயின் எதிர்ச்சான்றும் உண்டு. பார்படோசுத் தீவின் பவளப் பாறைகளைக் கொண்டு கடல்மட்டத்தின் வரலாற்றைக் கணித்தபோது, பனியுருகல் இரு பெரும் வேகங்களில் நிகழ்ந்ததும், இளைய டிரையாஸ் அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மந்தகாலம் என்பதும் 1989இலேயே தெரியவந்தது. நீர் மிகுதியாக வந்த வேளையில் ஓட்டம் நிற்காமல், குறைவாக வந்த வேளையில் நின்றது ஏன்? வெள்ளம் பாய்ந்திருந்தால் செயின்ட் லாரன்சுப் பக்கம் பாறைகளை உருட்டி, நிலத்தை அரித்த தழும்பு இருத்தல் வேண்டுமே, அது எங்கே? தேடிச் சென்றவர்க்கு உரிய காலத்துத் தழும்பு கிட்டவில்லை. 2006இல் இக்குறையை அச்சில் எழுதி, வெள்ளம்தானா காரணம் என்று ஐயம் எழுப்பியவர் வேறெவரும் அல்லர், புரோக்கரே! தாம் வளர்த்த கருத்தைத் தாமே குறுக்கு விசாரணை செய்தவரைக் காண்பது அரிது.

பின்னர் வழி கிடைத்தது. ஆனால் வேறு திசையில். 2010இல் பிரித்தானிய, கனடிய ஆய்வாளர் மெக்கன்சி ஆற்றின் கழிமுகத்தில் பெருவெள்ளம் கொணர்ந்த கூழாங்கற் படிவுகளைக் கண்டனர். 2018இல் அக்கழிமுகத்திற்குக் கிழக்கே கடலடி மண்ணில், இளைய டிரையாஸ் தொடங்கும் வேளையில் நன்னீர் பரவிய அடையாளமும் வெளிப்பட்டது. ஏரிநீர் கிழக்கே செல்லாது, வடக்கே ஆர்க்டிக் கடலுள் பாய்ந்து, அங்கிருந்து அட்லாண்டிக்கின் அமிழ்வாய்க்கு வந்தது என்பது இப்போதைய வலிய கருத்து. எவ்வளவு நீர் என்பதைவிட, எந்த வாயில் வழியே வந்தது என்பதே பெரிது என்று கொண்டால் பவளத்தின் எதிர்ச்சான்றும் ஓரளவு தணிகிறது. முற்றிலும் தணிந்துவிட்டது என்று நான் கூறமாட்டேன்.

இரண்டாவது காரணம் வானிலிருந்து வந்தது. 2007இல் ரிச்சர்டு ஃபயர்ஸ்டோன் உள்ளிட்ட 26 பேர், வால்விண்மீன் ஒன்று வட அமெரிக்காவின்மேல் வெடித்ததே குளிருக்குக் காரணம் என்றனர். பெருயானைகள் அழிந்ததும் அதனாலேயே என்றனர். அரிசோனா முதலிய இடங்களில் அக்காலத்துக் கரிய மண்ணடுக்கின் அடியில் காந்தத் துகள்கள், இரிடியம், நுண்வைரங்கள் கிடைத்தன என்பது அவர்தம் சான்று. கேட்டவர் மனத்தை உடனே கவரும் கதை இது. தொலைக்காட்சித் தொடர்கள் இதனை விடாமல் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. ஏரி வடிவதைவிட வானம் வெடிப்பது படமாக்க எளிது.

இதனை நிறுக்க நம் வீட்டுத் தராசையே எடுப்போம். மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூற் பொருளை உரைக்கிறார். நிறுவ வேண்டிய கருத்துப் பக்கம், அதற்குரிய காரணம் ஏது, பின்னர் எடுத்துக்காட்டு. மலையில் புகை உண்டு, ஆகவே நெருப்பு உண்டு, அடுக்களைபோல என்பது அங்கு வரும் முறை. ஏதுவில் நேரும் போலிகளுள் இரண்டு இங்கே நமக்குப் பயன்படும். ஒன்று அசித்தம், ஏதுவே இன்னும் நிறுவப்படாமை. அது புகையா பனிமூட்டமா என்றே தெரியாத நிலை. மற்றொன்று அநைகாந்திகம்; நெருப்பு உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் அவ்வேது காணப்படுதல். இரண்டிடத்தும் கிடப்பது எதனையும் நிறுவாது.

வால்விண்மீன் கருத்து இவ்விரு சோதனைகளிலும் இடறியது. 2009இல் வேறொரு குழுவினர் அதே முறையில் ஏழு இடங்களின் மண்ணை ஆராய்ந்தபோது காந்தத் துகள்கள் அவ்வடுக்கில் மிகுந்திருக்கக் காணவில்லை. பிறர் கண்டோம் என்று மறுத்தனர். 2014இல் டேவிட் மெல்ட்சர் முதலானோர், மோதலின் அடுக்கு உள்ளதாகக் கூறப்பட்ட 29 இடங்களின் காலக்கணிப்பையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தனர். உரிய காலத்தைச் சார்ந்தவை மூன்றே. இது அசித்தம். இனி, அமெரிக்காவின் தென்மேற்கிலும் சிலி நாட்டின் அட்டகாமாப் பாலையிலும் 6,000 முதல் 40,000 ஆண்டு வரையிலான பல்வேறு காலத்துக் கரிய அடுக்குகளை ஆராய்ந்தவர்கள், அவற்றிலும் இரிடியமும் காந்தத் துகள்களும் மிகுந்திருப்பதை 2012இல் காட்டினர். மோதல் இல்லாத காலத்திலும் அதே அடையாளம். இது அநைகாந்திகம். பெருயானைகளோ, ராங்கல் தீவில் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன்வரை உயிர்வாழ்ந்தன.

இருப்பினும் நீதிமன்றத்தில் ஒரு தரப்பின் நல்ல சாட்சியை மறைத்தல் அறமன்று. 2013இல் கிரீன்லாந்துப் பனித்தண்டில், குளிர் தொடங்கிய காலத்தை ஒட்டிப் பிளாட்டினம் திடீரென மிகுந்திருப்பது கண்டறியப்பட்டது. கண்டவர்கள் மோதற் கருத்தைச் சோதிக்கச் சென்ற ஆர்வார்டு அறிஞர்கள். பிளாட்டினத்தோடு வழக்கமாக விண்கல்லில் வரும் இரிடியம் உடன் மிகவில்லை. மிகுதியும் ஒரே நாளில் விழுந்ததுபோலன்றிப் பல ஆண்டுகள் நீடித்தது. திருத்திய காலக்கணக்கின்படி அது குளிர் தொடங்கி ஏறத்தாழ 45 ஆண்டுகள் கழித்தே விழுந்தது என்றும், ஐசுலாந்தின் எரிமலை ஒன்று அதற்கு மூலமாகலாம் என்றும் 2025இல் ஓர் ஆய்வு கூறுகிறது. காரணம் காரியத்திற்குப் பின்னே வருதல் இயலாது. மற்றொரு நம்பிக்கையும் இவ்வாறே கரைந்தது. 2018இல் கிரீன்லாந்துப் பனியின் அடியில் 31 கிலோமீட்டர் அகலமுள்ள மோதற்குழி ஒன்று வெளிப்பட்டது. இதோ குற்றவாளியின் காலடி என்றனர் சிலர். 2022இல் அதன் வயதைக் கணித்தபோது 5 கோடியே 80 இலட்சம் ஆண்டுகள் என்று வந்தது!

மூன்றாவது காரணம் எரிமலை. செர்மனியின் லாக்கர் எரிமலை ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முன் பெரிதாக வெடித்தது. குளிருக்கு அதுவே காரணம் என்றோரும் உளர். நல்வாய்ப்பாக, அருகிலுள்ள மேர்ஃபெல்டர் ஏரியின் அடியில் ஆண்டுக்கு ஓரடுக்காகச் சேறு படிந்துள்ளது. அதில் எரிமலைச் சாம்பல் ஓரிடத்திலும், குளிரின் அடையாளம் அதற்கு ஏறத்தாழ 200 அடுக்குகள் மேலேயும் கிடக்கின்றன. இருநூறு ஆண்டு இடைவெளி! காக்கை பறந்துசென்று அதன் கொள்ளுப்பேரக் குஞ்சுகளும் மடிந்தபின் பனம்பழம் விழுந்த கதையாயிற்று. குளிர் தொடங்கிய வேளையில் வேறு எரிமலைகள் வெடித்ததற்கான கந்தகம் கிரீன்லாந்துப் பனியில் உண்டு. அவை தளர்ந்திருந்த கடலோட்டத்தை மேலும் ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம் என்போர் கூற்றைத் தள்ளிவிட முடியாது.

எனினும் தூசும் புகையும் வெயிலை மறைத்து உலகைக் குளிர்விக்கும் கருத்தை நிறுக்க, வளைகுடாவில் வாழ்ந்த மூத்தோர்க்கு ஒரு நேரடிச் சான்று உண்டு. 1991இல் குவைத்தில் 600க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகள் எரிந்தன. பகல் இரவாயிற்று, கருந்தூள் மழை பெய்தது. கார்ல் சாகன் போன்ற அறிஞர்களே இப்புகையால் ஆசியப் பருவமழை பாதிக்கப்படலாம் என்று அஞ்சினர். புகைக்குக் கீழே இருந்த இடங்களில் வெப்பநிலை சில பாகை குறைந்தது உண்மை. ஆயின் புகை படைமண்டலம் எனப்படும் உயர்வளியை எட்டவில்லை. சில நாள்களில் காற்றாலும் மழையாலும் கழுவப்பட்டது. நவம்பர் 6 அன்று கடைசிக் கிணறு அடைக்கப்பட்டது, உலகம் குளிரவில்லை. அதே ஆண்டு சூன் 15 அன்று பிலிப்பைன்சில் பினதுபோ எரிமலை வெடித்தது. அதன் கந்தகம் படைமண்டலத்தை எட்டியது. உலகச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ அரைப் பாகை குறைந்தது. அதுவும் இரண்டாண்டில் தீர்ந்தது.

ஓராண்டில் நிகழ்ந்த இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க. கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றிய புகை சிறிது செய்தது. இங்கிருந்தோர் கண்ணுக்கே தெரியாத புகை பெரிது செய்தது. பெரிது செய்ததும் இரண்டாண்டுக்கு மேல் நில்லவில்லை. இளைய டிரையாஸ் 1,200 ஆண்டுகள் நீடித்தது. ஆகவே தூசு, விண்ணிலிருந்து வந்ததாயினும் மண்ணிலிருந்து எழுந்ததாயினும், தானே அக்குளிரை அத்துணைக் காலம் தாங்கி நிறுத்தியிருக்க இயலாது. கடலோட்டம் போல நெடுநாள் நினைவு கொண்ட ஏதோ ஒன்று இடையில் இருந்தே தீர வேண்டும். என் மதிப்பில் இவ்வழக்கின் மையச் சான்று நுண்வைரமும் அன்று, சாம்பலும் அன்று, இக்கால அளவே.

நான்காவதாக ஒரு கருத்தும் உண்டு. கடைசிப் பனியுகத்தின் பனித்தண்டுகளில் இத்தகைய திடீர் ஏற்ற இறக்கங்கள் இருபதுக்கும் மேற்பட்ட முறை காணப்படுகின்றன. ஒவ்வொரு முறையும் வால்விண்மீன் வந்திருக்குமா? அட்லாண்டிக்கின் ஓட்டம் பனியுகத்தில் இயல்பாகவே தளர்வதும் விரைவதுமாக இருந்தது. இளைய டிரையாஸ் அவற்றுள் கடைசிப் பெருந்தளர்ச்சி என்பது இக்கருத்தினர் வாதம். புரோக்கரும் 2010இல் இப்பக்கம் சாய்ந்தார். பனம்பழம் முற்றியிருந்தது என்பதே இதன் சாரம். முற்றிய பழத்தைத் தட்டியது மெக்கன்சி வழிவந்த நன்னீர் என்று இதனோடு ஏரிக் கருத்தையும் இணைத்துக் கூறுவோர் இன்று மிகுதி. நானும் அவ்வாறே கருதுகிறேன். மற்றொரு கடலடி மண் எடுக்கப்பட்டு வேறு விதமாகப் பேசுமாயின் மாற்றிக்கொள்ளத் தடையில்லை.

இவ்வாராய்ச்சி பழங்கதையோடு முடிவதன்று. அட்லாண்டிக்கின் அதே ஓட்டத்தை 2004 முதல் ஃபுளோரிடாவிற்கும் ஆப்பிரிக்காவிற்கும் இடையே கருவிகளை நட்டு அளந்து வருகின்றனர். புவி வெப்பத்தால் இந்நூற்றாண்டில் அவ்வோட்டம் தளரும் என்று ஐக்கிய நாடுகளின் தட்பவெப்ப அறிஞர் குழு 2021இல் அறிவித்தது. 2100க்குள் அது திடீரென நின்றுவிடாது என்பதையும் அக்குழு கூறியது. ஆயின் இடைத்தர உறுதியோடு மட்டுமே. சொகோத்திராவின் சுண்ணக்கல் சொல்வதை நினைவிற்கொண்டால், அங்கே ஓட்டம் தளர்தல் இங்கே காவிரிப்படுகை உழவர்க்கும் உரிய செய்தி என்பது விளங்கும்.

மாணவர் அடுத்த வகுப்பிற்கு விடை எழுதி வருக. லாக்கர் எரிமலையின் சாம்பலுக்கும் குளிருக்கும் இடையே இருநூறு அடுக்குகளுக்குப் பதில் இரண்டே அடுக்குகள் இருந்திருந்தால், எரிமலையே காரணம் என்று தீர்ப்பளிப்பீரா? அன்றாயின் மேலும் எச்சான்றை வேண்டுவீர்? வடக்கும் தெற்கும் ஒரே வேளையில் குளிர்ந்திருந்தால் எக்கருத்து வலுப்பெற்றிருக்கும், எக்கருத்து நலிந்திருக்கும்? உங்கள் வீட்டில் அல்லது ஊரில் பெரியோர் காரணமாகக் கூறும் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் பக்கம் எது, ஏது எது, அவ்வேது அசித்தமா அநைகாந்திகமா என்று பகுத்து எழுதுக. பெரியோர் கோபித்துக்கொண்டால், அறவண அடிகள் சொல்லித்தந்த முறை என்று பணிவோடு கூறுக.